கறுப்பியின் சுண்டு

எங்கள் குசினிச் சுவரில் ஓர் ஆணியில் வெள்ளைப் பிளாஸ்டிக் அளவுச் சுண்டு ஒன்று தொங்குகிறது. எண்ணெய்க் கான் ஒன்றைக் கைபிடியோடு சேர்த்துச் சாய்வாக வெட்டிச் செய்தது அது. வெட்டிய விளிம்பு கையைக் கிழித்துவிடக் கூடாது என்று நெருப்பில் வாட்டி மழுக்கியிருக்கிறார் செய்தவர். உள்பக்கம் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. உங்கள் அம்மா அரிசி அளக்க அதை எடுத்தால்கூட நான் வாங்கித் திரும்பவும் மாட்டிவிடுவேன் என்பது பிள்ளைகளான உங்களுக்குத் தெரியும். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. அப்பாவுக்கு ஏதோ ஒரு பிடிவாதம் என்று விட்டுவிட்டீர்கள்.

போன மாதம் சின்ன மகள் தன் நாய்க்குட்டிக்கு வாங்கிய உலர்சாப்பாட்டுப் பைக்கற்றை வாளியில் கொட்டினாள். அடியில் பழைய தூள் கிடந்தது. வாளியை அப்போதுதான் கழுவியிருந்தாள், உள்ளே ஈரம் மினுங்கியது. நான் ஓடிப்போய் வாளியைக் காலால் தட்டிவிட்டேன். சாப்பாடு முற்றமெல்லாம் சிதறியது. “உனக்கு விசரா புள்ள” என்று கத்தினேன். அவள் அழவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். “நாய்ச் சாப்பாடுதானே அப்பா” என்றாள். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்து அழகாக வரும், எழுதத் தெரியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை கொஞ்சக் காலம் நின்றிருந்த அந்த இரண்டு மூன்று வருசத்தில், மிதிவெடி எடுக்கும் நிறுவனம் ஒன்று செட்டிபாளையத்தில் ஒரு வீட்டையும் வளவையும் வாடகைக்கு எடுத்திருந்தது. அதில் நான்தான் ஸ்டோர்காரன். கயிறு, குறித்தடி, தலைக்கவசம், மருந்துப் பெட்டி எல்லாம் என் பொறுப்பு. அவற்றோடு நாய்ச் சாப்பாடும். எங்கள் வளவில் இருந்தது ஒரே ஒரு நாய். வெளிநாட்டிலிருந்து வந்தது, கடதாசியில் வாயில் நுழையாத ஒரு பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர் முதல் நாளே கறுப்பி என்று கூப்பிட்டார், அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு போனது. அவருக்கு வந்தாறுமூலைப் பக்கம். எல்லாரும் அவரை நாய்க்காரர் என்பார்கள். வேறு யாரையும் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவான். அவரோ நெஞ்சை நிமிர்த்துவார். என்னை மச்சான் என்று கூப்பிடுவார், சொந்தம் ஒன்றும் இல்லை. ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்கு எடுபட்டோம், அவ்வளவுதான்.

கறுப்பி வேலை செய்வதை ஒருநாள் பார்த்திருந்தால் நீங்களும் வாய் திறந்து நின்றிருப்பீர்கள். நீளக் கயிற்றில் கட்டி, கயிறு போட்டுப் பிரித்த ஒரு கீற்றுக்குள் அவளை விடுவார். அவள் மூக்கைத் தரையிலிருந்து விரலளவு உயர்த்தி, சத்தமில்லாமல் மணந்துகொண்டு போவாள். சந்தேகம் வந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்த இடத்தில் ஆட்கள் முழங்காலில் நின்று கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். அவள் உட்காராமல் போன இடத்தில் பிறகு மனிசர் நடப்பார்கள். அவளின் மூக்கை நம்பிக் கால் வைத்தார்கள். அதில் நானும் ஒருவன். வாவிக்கு அங்கால் படுவான்கரையில் உங்கள் அம்மாவின் தகப்பனாருக்கு ஒரு வயல் இருந்தது, பழைய காவலரண் ஒன்றுக்குப் பக்கத்து வயல் வட்டையில். நாங்கள் கலியாணம் முடித்த நாள் முதல் அந்த வட்டைக்குள் ஒருவரும் இறங்கியதில்லை. அந்த ஆவணியில் கறுப்பிதான் அதன் வரம்பையும் வழியையும் மணந்து முடித்தாள். இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டிலும் இருந்தது.

அவளின் சாப்பாடு தடித்த பைகளில் கப்பலில் வரும். தவிட்டு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டை. காலையும் பின்னேரமும் இந்தச் சுண்டால் கோடு மட்டும் அளந்து கொடுக்க வேண்டும். சுண்டைச் செய்தவர் நாய்க்காரர்தான். கோடு போட்ட நகப்பூச்சு அவர் பெண்சாதியுடையது. நிறுவனத்தின் நாய்களைப் பார்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வெள்ளைக்கார மிருக வைத்தியர் அம்மா வருவார். சாப்பாட்டை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று அவர் சொல்ல, ஒருவர் தமிழில் மாற்ற, நான்தான் பலகையில் வெள்ளைச் சாயத்தால் எழுதினேன். பையைச் சுவரில் சாய்க்கக் கூடாது, நிலத்தில் வைக்கக் கூடாது, மரத்தட்டின்மேல் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ட்ரம்முக்குள் சும்மா கொட்டாமல் பையோடு இறக்கி மூட வேண்டும். பழையது முடியாமல் புதியதைச் சேர்க்கக் கூடாது. ட்ரம்மைக் கழுவினால் வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். நாய் நக்கிய கோப்பையால் அள்ளக் கூடாது. ஸ்டோருக்குள் வேறு ஒருவரின் சாமானும் இருக்கக் கூடாது. கடைசி வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: ஈரம் பட்ட பையை முழுதாகப் புதைக்கவும். அந்த வரியைப் பெரிதாக எழுதச் சொன்னார் அந்த அம்மா. பெரிதாகத்தான் எழுதினேன். பலகையைப் பார்த்து நாய்க்காரர், “மச்சான், உன்ட எழுத்துக்கு நீ கச்சேரியில கிளாக்கரா இருக்க வேண்டியவன்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருசம் மழை முந்திவிட்டது. விதைப்புக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்க, ஐப்பசி பிறந்ததும் பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு அப்போது வாவிக் கரையில் ஓலைக் கிடுகு வீடு, மண் நிலம். உள்ளே இரண்டு மூட்டை விதைநெல். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அந்த வட்டையில் விதைக்க வைத்த நெல். வாவித் தண்ணி வாசலுக்கு வந்ததும் உங்கள் அம்மா மூட்டைகளைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, மூத்தவனை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. “இந்த நெல் நனைஞ்சா நாம திரும்பவும் நிவாரண அரிசிதான்” என்றா. ஸ்டோரின் சீமெந்து நிலமும் தகரக் கூரையும் என் கண்ணுக்குள் வந்தன. பூட்டின் திறப்பு என் மடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு இரண்டு மூட்டையையும் சைக்கிளில் கொண்டுபோய் மரத்தட்டின்மேல் வைத்தேன். அங்கே மூன்று பை நாய்ச் சாப்பாடு இருந்தது. இடம் போதவில்லை. ஒரு பையை இறக்கி நிலத்தில், சுவரில் சாய்த்து வைத்தேன். பலகை என் முதுகுக்குப் பின்னால்தான் தொங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பார்த்தேன். இரண்டு நாள்தானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடியக் கதவைத் திறந்தபோது நெல் காய்ந்து கிடந்தது. சுவர்ப் பக்கம் தண்ணி கசிந்து பையின் அடி கறுத்திருந்தது. வெட்டிப் பார்த்தேன். அடியில் இருந்தவை ஊறிக் கட்டியாகியிருந்தன. புளித்த மாவும் நனைந்த சாக்கும் சேர்ந்த ஒரு மணம். அதற்கு மேலே முக்கால் பைக்குப் பழுதில்லாதது போல இருந்தது. புதைத்திருக்க வேண்டும். புதைத்தால் ஏன் என்று கேட்பார்கள், நிலத்தில் ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள், நெல்லுக்குக் கதை போகும். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் அகதியாகக் கிடந்து, புழு அரிசியைப் பொறுக்கித் தின்றவன் நான். நல்லா இருக்கிற முக்கால் பைச் சாப்பாட்டைக் குழி தோண்டி மூட என் கை எழும்பவில்லை. நனைந்த நெல்லை நாங்கள் என்ன செய்வோம்? காயப்போடுவோம், புடைப்போம், திரும்பக் கட்டுவோம். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

கட்டியை மட்டும் புதைத்தேன். மிச்சத்தைப் பையோடு மூலையில் வைத்து வெயிலுக்குக் காத்திருந்தேன். மழை விட நாலு நாள் ஆகிவிட்டது. வாசலில் தண்ணி இறங்கியிருந்ததால் நெல்லை அதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். வெயில் வந்ததும் ஸ்டோருக்குப் பின்னால் ஓலைப் பாயை விரித்துக் கொட்டினேன். சிலதில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம், தலைமயிர் போல மெல்லியதாக. அவற்றைப் பொறுக்கி எறிந்தேன். ஆட்கள் எல்லாரும் வயலில். வளவில் இருந்தது சமையல் செய்யும் அக்கா மட்டும். தேங்காய் திருவிக்கொண்டே என்னைப் பார்த்தா.

“என்ன தம்பி, நாய்க்கு நெல் அவிச்சுக் காயப்போட்டிரிக்கியா?”

“மழைக் குளிர் அக்கா, கொஞ்சம் வெயில் காட்டுறன்.”

“ம். எனக்கு இப்பிடிக் கிளறிக் காய வைச்சுத் தர ஒரு ஆம்புள கிடைக்கயில்லையே. சுளகு வேணுமெண்டால் உள்ள கிடக்கு.”

சுளகை வாங்கிப் புடைத்தேன். தூள் பறந்தது. இரண்டு நாள் வெயிலில் உருண்டைகள் கல்லுப் போலக் காய்ந்தன, மணமும் போனது. என் மூக்குக்கு மட்டும்தான் போனது. ட்ரம்மில் இருந்த மிச்சத்தோடு கலந்து மூடினேன். ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தி எனக்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த கிழமை நாங்கள் வட்டையில் விதைத்தோம்.

கறுப்பி முதல் இரண்டு நாள் தின்றாள். பிறகு கோப்பையை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். நாய்க்காரர் பக்கத்தில் குந்தியிருந்து, உள்ளங்கையில் நாலைந்தாக வைத்து, “தின்னு புள்ள, வேலைக்குப் போகணும்” என்று கெஞ்சுவார். அவர் கையில் வைத்தால் தின்றாள். அவர் தந்தால் அவள் எதையும் தின்பாள். ஒரு காலை அவர் சுண்டோடு ஸ்டோர் வாசலுக்கு வந்தார்.

“மச்சான், சாப்பாடு நல்லதுதானே? இவள் மூஞ்சியத் திருப்புறாள்.”

“நல்லதுதான்.”

“மழைக்குள்ள ஒண்டும் நனையயில்லையே?”

“சீ, தட்டுக்கு மேல கிடந்த பை.”

“அப்ப இவளுக்குத்தான் கொழுப்பு” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளே, நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த இடம்தான். மற்றதெல்லாம் அறியாமை என்று தள்ளிவிடலாம். இது அப்படி இல்லை. ஊரே நம்பிக் கால் வைத்த மூக்கு, இந்தச் சாப்பாட்டைத் தின்னக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அது சொன்னதைக் கேட்டு ஒரு மனிசர் என்னிடம் வந்து நேராகவும் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

மூன்று கிழமைக்குள் அவள் மெலிந்தாள். தினமும் வேலைக்கு முன்பு சோதனைக்கு வெடிமருந்துத் துண்டு ஒன்றை மண்ணில் புதைத்து வைத்து அவளை மணக்க விடுவார்கள். ஒருநாள் அவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். நாய்க்காரர் அந்த நிமிசமே வேலையை நிற்பாட்டினார். “இண்டைக்கு இவள நம்பி ஆக்கள விட ஏலாது” என்றார். அவர் அப்படிச் செய்ததால் ஒருவருக்கும் கால் போகவில்லை. அதற்காக நான் இன்றுவரை கும்பிடுகிறேன். அடுத்த நாள் அவளின் கண் மஞ்சளாக இருந்தது. வைத்தியர் அம்மா கொழும்பிலிருந்து வந்து சேருவதற்குள் மாமரத்தடியில் நாய்க்காரரின் காலில் தலையை வைத்துக்கொண்டு செத்துப்போனாள். அவர் அவளின் காதுக்குள் இருந்த ஒரு உண்ணியைப் பிடுங்கி எறிந்தார்.

ஈரல் கெட்டுவிட்டது, ஏதோ தின்னக் கூடாததைத் தின்றிருக்கிறது என்று சொன்னார் வைத்தியர் அம்மா. ஸ்டோரைப் பார்க்க வந்தார். அதற்கு முதல் நாளே நான் ட்ரம்மில் இருந்ததை எல்லாம் புதைத்து, ட்ரம்மைக் கழுவிக் காய வைத்து, புதுப் பையை இறக்கியிருந்தேன். தட்டில் இருந்து ஒரு சாண் தள்ளிச் சுவர். பலகையில் என் எழுத்து. அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, மற்ற இடங்களிலும் இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்றாராம். மொழிபெயர்த்தவர் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். நாய்க்காரர் பக்கத்தில் நின்றார். பிறகு அவராகவே வாயைத் திறந்தார்.

“நான் இடைக்கிட மீன் தலை குடுத்தனான். என்ட சோத்துப் பார்சலில இருந்து. குடுக்கப்படாதெண்டு தெரியும்.”

சமையல் அக்காவைக் கேட்டார்கள். “ஓம், குடுக்கிறவர்தான்” என்றா. சொல்லிவிட்டு அவ என்னைப் பார்த்தா. ஓலைப் பாய் நினைவுக்கு வந்ததா, வெறுமனே பார்த்தாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் குனிந்து ட்ரம் மூடியைத் துடைத்தேன்.

அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். போகும் நாள் தன் சாமான்களை ஒரு உரப்பையில் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து இந்தச் சுண்டை நீட்டினார். “புது நாய் வந்தால் இதால அளந்து குடு மச்சான். கோட்டுக்கு மேல போட வேணாம். நான் போட்ட செல்லம் போதும்.” நான் வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். எனக்கும் நீங்கள் இருந்தீர்கள், மூத்தவன் கையில், மற்றவன் வயிற்றில். அன்றைக்கு நான் சொல்லிக்கொண்ட நியாயம் அதுதான்.

அந்த மாசி மாதம் வட்டையில் நெல் நன்றாக விளைந்தது. புது அரிசிப் பொங்கலை நான் வாயில் வைத்தது நினைவில் இருக்கிறது, ருசி நினைவில் இல்லை. அதன் பிறகு ஒரு பயிற்சிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அதே வைத்தியர் அம்மா. நனைந்த சாப்பாட்டில் பூஞ்சணம் பிடித்தால் அது ஒரு நஞ்சை விட்டுவிடும், பூஞ்சணத்தைத் தட்டினாலும் வெயிலில் காய வைத்தாலும் அடுப்பில் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது, கண்ணுக்கும் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைத் தின்னும் என்று படம் போட்டுக் காட்டினார். ஒருவர் எழுந்து, காய வைத்தால் நெல் சரியாகிவிடுகிறதே என்று கேட்டார். நெல்லோ கடலையோ, பூஞ்சணம் பிடித்தால் அதுவும் அப்படித்தான் என்றார் அந்த அம்மா. அதையும் பலகையில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதுவரை மீன் தலையாகவும் இருக்கலாம் என்று ஒரு மூலையில் நான் பிடித்துவைத்திருந்த நூல் அன்று அறுந்தது.

பிறகு சண்டை திரும்பவும் வந்தது. வளவைப் பூட்டிவிட்டு எல்லாரும் போனார்கள். ஸ்டோரைக் கணக்குக் கொடுத்தபோது இந்தச் சுண்டு எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் காலத்தில் ஒருமுறை களுவாஞ்சிக்குடி பஸ் தரிப்பில் நாய்க்காரரைக் கண்டேன். கொத்து வேலைக்குக் கூலியாக வந்திருந்தார், காலெல்லாம் சீமெந்து. ஓடிவந்து என் தோளில் அடித்தார். தேத்தண்ணி வாங்கித் தந்தவரும் அவர்தான். “புள்ளைகள் நாய்க்குட்டி கேக்குதுகள் மச்சான். நான் விடுறதில்ல. என்ட கையால தின்டு ஒண்டு செத்தது போதும்” என்றார். சொல்லிவிட்டு, விளையாட்டாகச் சொன்னவர் போலச் சிரித்தார். என் வாயில் எல்லாச் சொல்லும் வந்து நின்றது. பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

மகள் முற்றத்தில் குனிந்து பொறுக்கிய அடுத்த சனிக்கிழமை, சுண்டைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு நாய்க்காரரைத் தேடி வந்தாறுமூலைக்குப் போனேன். வாழைச்சேனையில் ஒரு அலுவல் என்று உங்கள் அம்மாவிடம் பொய் சொன்னேன், அதையும் இங்கே திருத்திக்கொள்கிறேன். அவருக்குத் தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் காணுமுன் பைக்குள் தெரிந்த கைபிடியை அடையாளம் கண்டார். “இது இன்னும் கிடக்கா” என்றார். பஸ்ஸில் நான் அடுக்கி வைத்த வசனமெல்லாம் கலைந்துபோனது. முதலில் ஓலைப் பாயைச் சொன்னேன், பிறகு மழையை, கடைசியில்தான் நெல்லை. அவர் சுண்டின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

“எத்தின நாள் காயப்போட்டீங்க?”

“ரெண்டு நாள்.”

“அவள் மூஞ்சியத் திருப்பினாள்” என்றார். “நான்தான் கையால ஊட்டினன்.”

அவர் வீட்டுக் கோழிகள் காலடியில் கிளறிக்கொண்டிருந்தன.

“அண்டைக்கு உங்களிட்ட வந்து கேட்டன்தானே.”

“ஓம்.”

“நல்லதுதான் எண்டு சொன்னீங்க.”

“ஓம்.”

மச்சான் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்த்துப் போனேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் என் வீட்டில் இப்போது நாய் இருக்கிறதா என்று கேட்டார். மகளின் குட்டியைச் சொன்னேன். எத்தனை கிலோ என்றார். தெரியாது, முழங்கால் உயரம்கூட இல்லை என்றேன். “நிறுத்துப் பாக்காமலா சாப்பாடு போடுறீங்க” என்று கடிந்துகொண்டு, உள்ளே இருந்த தன் மகளைக் கூப்பிட்டு நகப்பூச்சு கேட்டார். சுண்டைத் தொடைக்குள் இடுக்கிப் பிடித்து, பழைய கோட்டுக்கு வெகு கீழே, கை நடுங்காமல் புதுக் கோடு ஒன்று போட்டார். “இதுக்கு மேல போட வேணாமெண்டு புள்ளைக்குச் சொல்லுங்க. காய்ஞ்ச பிறகு ஒருக்காக் கழுவுங்க, மணம் இருந்தால் அது தின்னாது.” வாயால் ஊதிக் காய வைத்து என் கையில் தந்தார். வாசல் படலை வரை வந்தார். எங்கள் பகுதியில் சண்டை பிடித்தவனைக்கூடப் போயிட்டு வாங்க என்று சொல்லித்தான் அனுப்புவோம். அவர் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

சுண்டு திரும்பவும் அதே ஆணியில் தொங்குகிறது. இப்போது மகளுக்கு அதை எடுக்க அனுமதி உண்டு. சாப்பாட்டை அதன் பையோடு வாளிக்குள் வைத்து மூடுகிறாள். அளந்த பிறகு சுண்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காய வைத்து மாட்டுகிறாள். குட்டி ஒருநேரம் தின்னாவிட்டால் என்னிடம் வந்து சொல்கிறாள், நான் எழுந்துபோய்ப் பையை மணந்து பார்க்கிறேன். ஒவ்வொரு பின்னேரமும் அவள் புதுக் கோட்டோடு நிற்பாட்டிக்கொள்கிறாள். பழைய கோடு மங்கிவிட்டது, இன்னும் தெரிகிறது. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே வெறுமையாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நான் குசினி வாசலில் நிற்கிறேன்.